குடிக்காதவருக்கும் கல்லீரல் வியாதி!

ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள எண் என்ன சொல்கிறது?

வயிற்று வலி என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல் என்று தெரிகிறது. சீட்டின் கடைசி வரியில் வேறொரு சேதியும் இருக்கிறது. "கல்லீரலில் கொழுப்பு, முதல் கிரேடு" என்பதே அது.

வீட்டில் கலக்கம் தொடங்குகிறது. "நமக்குத் தெரியாமல் இவர் குடிக்கிறாரோ?" என்று மனைவி சந்தேகப்படுகிறாள். மதுவைத் தொட்டே அறியாத கணவரோ வெட்கத்தால் குன்றிப் போகிறார்.

அவர் மீது குற்றமில்லை. குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும். இந்திய மக்களில் 100க்கு 9 முதல் 32 பேர் வரை இப்படிப்பட்ட கொழுப்பு உள்ளவர்கள் என்று, ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் காட்டி மத்திய அரசு கூறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் இந்த வியாதி தேசிய சுகாதாரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிமுறைகளும் வெளியாயின.

கொழுப்பு எங்கிருந்து வந்தது?

கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. எடை சுமார் ஒன்றரை கிலோ. நாம் உண்ணும் உணவைப் பக்குவம் செய்து உடலுக்குக் கொடுப்பது இதுதான்.

உழைப்புக்கு வேண்டியதற்கு மேல் சோறும் இனிப்பும் உள்ளே போனால், மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. அங்குள்ள கொழுப்பு 100க்கு 5 பங்கைத் தாண்டினால் அது வியாதி.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும், தொந்தி உள்ளவர்களுக்கும் இது அதிகம். ஒல்லியானவர்களையும் இது விடுவதில்லை. கை, கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருந்தால் எச்சரிக்கை தேவை.

பலருக்கு இதனால் வலியே இராது. ஆனால் சிலருக்குக் கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அழற்சி கொள்ளும். பிறகு தழும்பு விழும். தழும்பு பெருகினால் கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகும். புற்றுநோய்கூட வரலாம். இதற்குப் பல வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்கள்தாம் நமக்குள்ள அவகாசம்.

வியாதிக்கு எண் எதற்கு?

ஒரே வியாதியை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயரால் எழுதினால் கணக்கு எடுக்க முடியுமா? இதற்காக 1893-ல் பிரெஞ்சுப் புள்ளிவிவர நிபுணர் ஜாக் பெர்ட்டியான் ஒரு பட்டியல் தயாரித்தார். அது மரணத்தின் காரணங்களைக் கொண்ட பட்டியல். 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்தப் பொறுப்பை ஏற்று, வியாதிகளையும் விரிவாகச் சேர்த்தது. "ஐ.சி.டி." என்று டாக்டர்கள் சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

அதன் பத்தாவது பதிப்பில் மதுவால் வந்த கல்லீரல் கொழுப்புக்கு "கே 70.0" என்று எண். வேறு காரணத்தால் வந்த கொழுப்புக்கு "கே 76.0" என்று எண். பார்வைக்குச் சிறு வித்தியாசம்தான். பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

எண் தவறினால்?

இன்ஷூரன்ஸ் பணம் கேட்க ஆஸ்பத்திரி பூர்த்தி செய்யும் பாரத்தில் இந்த எண்ணுக்கு இடம் உண்டு. குடிப்பழக்கத்தாலும் அதன் விளைவாலும் வரும் சிகிச்சைச் செலவைப் பொதுவாக இன்ஷூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதில்லை. குடிக்காதவருடைய பாரத்தில் "கே 70" என்று விழுந்துவிட்டால், பணத்துக்கும் வில்லங்கம், பெயருக்கும் களங்கம்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் சீட்டையும் எண்ணையும் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்க வேண்டும். அதே சமயம், குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. உண்மை தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எண் வியாதியின் பெயரைச் சொல்லுமே தவிர, வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லாது. முதல் கிரேடுக்கும் "கே 76.0"தான், மூன்றாம் கிரேடுக்கும் அதேதான்.

பெயர் மாறியது

குடிக்காத நோயாளிகளின் கல்லீரலும் குடிகாரர் கல்லீரலைப் போல இருப்பதைக் கண்டு, 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் லுட்விக்கும் அவருடைய சகாக்களும் அதற்கு "மது சாராத" என்ற அடைமொழியுடன் பெயர் சூட்டினார்கள். ஒரு மனிதரை "திருடர் அல்லாதவர்" என்று அழைப்பது மரியாதையா? அந்தப் பெயரும் அப்படித்தான் இருந்தது. 2023-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அதை மாற்றினார்கள். உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் வியாதி என்று காரணத்தைச் சொல்வது புதிய பெயர். பெயர் மாறியும் பத்தாவது பதிப்பின் எண் "கே 76.0" மாறவில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியது

ஸ்கேனில் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவைக் குறிப்பது. ஆபத்தை நிர்ணயிப்பதோ தழும்பு. "எனக்குத் தழும்பு உண்டா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வயது, இரண்டு கல்லீரல் பரிசோதனைகள், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு "பிப்-4" என்ற கணக்குப் போடலாம். பொதுவாக விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. அதிகமானால் பைப்ரோஸ்கேன் என்ற பரிசோதனை தேவைப்படலாம்.

மருந்து உண்டா?

அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கும், 2025-ல் செமாகுளூட்டைட் என்ற ஊசி மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. இவை அழற்சியும் ஓரளவு தழும்பும் கண்டவர்களுக்கே. கொழுப்பு மட்டும் உள்ளவருக்கு நல்ல மருந்து சாப்பாட்டுத் தட்டிலும் நடையிலும் இருக்கிறது.

80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் பலருக்குத் தழும்பே குறையக் கூடும். சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டும். சர்க்கரை கலந்த பானங்களை விட வேண்டும். வாரம் 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும். பட்டினி கிடந்து அவசரமாக இளைப்பது கூடாது. விளம்பரத்தில் வரும் "கல்லீரல் டானிக்"கை நம்பிக் காசைக் கரைக்கவும் கூடாது.

இந்த வியாதி உள்ளவர்களில் அதிகம் பேருடைய உயிரைப் பறிப்பது இருதயக் கோளாறே. ஆகையால் கல்லீரலுக்காக நடக்கும் நடை இருதயத்தையும் காக்கும்.

மனைவி கணவரைச் சந்தேகிக்க வேண்டாம். மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கட்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே புத்திசாலித்தனம்!