உட்கார ஒரு பலகை

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே நாலு எட்டு வைத்தால் முத்தியால்பேட்டை. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு மண். நம்முடையது சென்னை மாகாணம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தபோது, இங்கே குற்றமானது எல்லைக்கு அந்தப்புறம் வியாபாரமாகவே இருந்தது.

அதற்கு முன் இந்தக் கரையில் இருந்த கள்ளுக்கடைகளைப் பற்றி நாம் எழுதி வைத்தது மிகக் குறைவு. ஓலைக் கொட்டகை, மண்தரை, உட்கார ஒரு பலகை, நுரை வழியும் கலயம், வாசலில் சுட்ட கருவாடு விற்கும் கிழவி. 1886ஆம் ஆண்டு ஆப்காரி எனும் மதுவரிச் சட்டத்தின் கீழ் கடைக்கு ஏலம், மரத்துக்கு வரி. காலையும் மாலையும் மரமேறி உயிரைப் பணயம் வைத்தவர் கையில் மிஞ்சியது சொற்பம். அரசுக்கோ, நிலவரிக்கு அடுத்த பெரும் வருமானம் இந்த மதுவரி.

ஆனாலும் பாத்தியில் உப்பு வாரி, காலெல்லாம் வெடித்து வந்தவர், யாரும் எழுந்திரு என்று சொல்லாமல் உட்கார்ந்த இடம் அது. நாளைக்கு எந்த உப்பளத்தில் வேலை, எந்த மேஸ்திரி கூலியைப் பிடித்தான், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இதே கரையிலுள்ள மரக்காணம்தான் சங்ககால எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே மீனவப் பெண்களான நுளைச்சியர் அரித்த தேறலும் சுட்ட மீனும் பாணர்களுக்குக் கிடைத்ததாகச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. வந்தவரை உட்காரவைத்து ஊற்றும் வழக்கம் இந்தக் கரைக்கு அவ்வளவு பழையது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகை எல்லோருக்குமானதல்ல. தலித்துகளுக்குத் தனி இடமும் தனிக் கலயமும் வைத்த கடைகள் மாகாணத்தில் இருந்தன. கூலி நாளன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு அது உலை கொதிக்காத இரவு. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியதன் நியாயம் அந்தப் பெண்ணின் நியாயம். அவளை விட்டுவிட்டுக் கள்ளுக்கடையைப் பாடுவது பொய்.

நமக்கு வலிப்பது வேறு. கடையை மூடிய அரசு, உழைத்தவன் கட்டணமில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கவே இல்லை. பிறகு அரசே கடைகளைத் திறக்க அனுமதித்தது, 2003இல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து புட்டியை நீட்டினார்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் பாக்கெட்டில் சாராயம் என்று வந்தது மெத்தனால். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். மரத்திலிருந்து இறக்கியவரின் முகம் தெரிந்து குடித்த ஊர்கள் இவை.

மரமேறியவர்கள், கடைவாசலில் கருவாடு விற்றவர்கள், கூலிப் பணத்துக்காகக் காத்து நின்ற அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.