சேலை உரசாத வண்டி

சென்ற வாரம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எங்கள் தெருமுனை வாட்டர் சர்வீஸ் கடையில் காலை ஆறு மணிக்கே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல், உப்பளத்துக்குப் போய்வரும் பழைய ஸ்ப்ளெண்டர், பால் கேன் தொங்கவிட்டே ஒரு பக்கம் சாய்ந்துபோன பாக்ஸர். வருடம் முழுக்கத் தூசியிலும் சகதியிலும் கிடந்தவை அன்று ஒரு நாள் நுரையில் முழுகி எழுந்தன. மறுநாள் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். உழைத்த வண்டி குளித்துவிட்டு நிற்கிற அழகைக் கண் நிறையப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மாமாவின் புல்லட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

மாமா, என் அப்பாவின் அக்காளைக் கட்டியவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார். பல வருடச் சேமிப்பைப் போட்டு 1986-ல் அந்த வண்டியை வாங்கினார். கறுப்பு டேங்க், அதில் கையால் இழுத்த தங்கக் கோடு. தெருவில் முதல் புல்லட் அதுதான். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் தொடாமல் சுற்றி நின்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி முற்றத்துக்கு வரும். மாமா பனியன் துணி, பிராசோ டப்பா, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மணைக்கட்டையில் உட்காருவார். ஸ்போக் கம்பி ஒவ்வொன்றாகத் துடைப்பார். சைலன்சரில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னும். கடைசியில் கிக்கரை உதைத்து, ஸ்டாண்டில் நின்றபடியே ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைப்பார். பிறகு பழைய போர்வையைப் போர்த்துவார். அந்த வாரத்துக்கு வண்டியின் வேலை அதோடு முடிந்தது. வேலைக்கு அவர் சைக்கிளில்தான் போனார். “உப்புக் காத்து வண்டியைத் தின்னுரும்” என்பார். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பயம் புரியும். இங்கே ஜன்னல் கம்பியே சில வருடத்தில் செதில் செதிலாக உதிரும்.

2017-ல் மாமா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை சாவியை என் கையில் வைத்து, “நீதான்யா அவுக மாதிரி பாத்துக்கிடுவே” என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஞாயிறு, பனியன் துணி, பிராசோ, ஐந்து நிமிடம், போர்வை. இரண்டு வருடம் ஒரு வாரம் தவறவில்லை. அவரை நினைத்துக்கொள்வதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2019-ல் ஒரு ஞாயிறு வண்டி கிளம்பவில்லை. கால் வலிக்கும்வரை உதைத்துவிட்டு மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அறுபதைக் கடந்த அண்ணாச்சி. புல்லட் தவிர வேறு வண்டியில் கை வைக்க மாட்டார். ஓடோமீட்டரைப் பார்த்தார்: 11,000 கிலோமீட்டர் சொச்சம். முப்பத்து மூன்று வருடத்துக்கு! ஒன்றும் சொல்லாமல் கார்புரேட்டரைக் கழற்றினார்.

அடிக் கிண்ணத்தில் பச்சையும் பழுப்புமாக வார்னிஷ் மாதிரி ஒரு படலம். நிற்கும் வண்டியில் பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும், மிஞ்சுவது பிசினாகப் படியும். ஊசி முனை அளவே துளை உள்ள பைலட் ஜெட்தான் முதலில் அடைபடும். ஓடுகிற வண்டியில் புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் பிசின் உட்கார நேரமில்லை. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் அந்த நீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். வெளியே தங்கக் கோடு பளபளக்கும்போது உள்ளே இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து சைலன்சர். அண்ணாச்சி அதைக் கழற்றி லேசாகக் குலுக்கினார். உள்ளேயிருந்து துருத் தூள் ஒரு கை அளவு கொட்டியது. அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். மின்னிக்கொண்டிருந்த குரோம் அப்பளம்போல நொறுங்கி விரல் உள்ளே போனது.

“தம்பி, ஸ்டாண்டுல போட்டு ஓடவிட்டு அமத்துவீங்களோ?”

ஆமாம் என்றேன்.

“அதான்.”

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். அது ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேற வேண்டும். நாலைந்து நிமிடத்தில் சைலன்சரும் இஞ்சினும் முழுச் சூடு ஏறுவதில்லை. ஆவி குளிர்ந்து உள்ளேயே நீராகத் தங்கிவிடும். இஞ்சின் ஆயிலிலும் அந்த ஈரம் சேரும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டினால்தான் உள்ளே நன்றாகக் காயும். மாமா ஞாயிறுதோறும் வண்டிக்கு உயிர் கொடுப்பதாக நினைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டார். கணக்குப் போட்டால் 1,600 ஞாயிறுக்குமேல் வரும். அத்தனை ஞாயிறும் ஒரு கை வெளியே துருவைத் துடைத்தது, அதே கை உள்ளே தண்ணீரை ஊற்றியது. அதை நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

டயருக்கும் அதே கதைதான். தரையைத் தொடும் பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் முழுக்க மயிரிழை வெடிப்புகள். டயர் ரப்பரில் வெடிப்பைத் தடுக்க ஒரு வகை மெழுகு கலக்கிறார்கள். சக்கரம் உருண்டு ரப்பர் வளைந்து நிமிரும்போதுதான் அது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காவல் காக்கும். நிற்கிற டயருக்கு அந்தக் காவல் குறைவு. போதாக்குறைக்கு நாங்கள் பூசிய தேங்காய் எண்ணெய். கறுப்பு மினுமினுப்புத் தரும் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். தரையைத் தொடும் பகுதியில் பட்டால் வளைவில் ஆளையே சாய்த்துவிடும். இப்போதைய டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1219 என்றால் 2019-ஆம் வருடத்தின் 12-ஆவது வாரத்தில் செய்தது. பட்டனைப் பார்த்து ஏமாறாமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பிய பிறகு, அண்ணாச்சி வண்டியின் இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து சேலை கார்டைத் தடவிப் பார்த்தார். பெண்கள் சேலை பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்க மாட்டும் கம்பித் தடுப்பு. பெயின்ட் அப்படியே இருந்தது. அதன் கீழே பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். அந்த ரப்பரின் வரிகள் அச்சிலிருந்து எடுத்தமாதிரி கூர் மழுங்காமல் இருந்தன.

“இந்தப் பக்கம் யாருமே உக்காரலியா தம்பி?”

நான் பதில் சொல்லவில்லை. அத்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வண்டி ஒன்று வாங்குவதே வாழ்நாள் காரியமாக இருந்த தலைமுறை அவர். கீறல் விழுந்தால் அவருக்கு அது தன் உழைப்பின்மேல் விழுந்த கீறல். ஆனால் அந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அதையும் நினைக்க வேண்டும். புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து சுற்ற நம் ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி செய்யத் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடிய பிறகும் இங்கே வண்டி வந்துகொண்டே இருந்தது. ஊர்ஊராக ஜனங்கள் அதை ஓட்டினார்கள், தேய்த்தார்கள், உடைத்தார்கள், சரி செய்தார்கள். தேய்ந்ததால் உதிரி பாகக் கடை வந்தது. உடைந்ததால் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் அண்ணாச்சிகள் உருவானார்கள். 1986-ஆம் வருட வண்டிக்கு 2019-ல் ஒரே நாளில் பாகம் கிடைத்தது என்றால், அது ஓட்டியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து எனக்குத் தந்தது. எல்லாரும் மாமாவைப் போலப் போர்வை போர்த்தி வைத்திருந்தால் அந்தக் கடையும் இருந்திருக்காது, அந்தக் கையும் இருந்திருக்காது.

வண்டியைச் சரி செய்து எடுத்து வந்த மறுநாளிலிருந்து அலுவலகத்துக்கு அதில்தான் போகிறேன். போக வர 28 கிலோமீட்டர். முதல் மாதமே சந்தைக்குள் ஒரு சைக்கிள் ஹேண்டில் டேங்கில் கோடு போட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளும் வண்டி ஓடியது, அதே சத்தத்தோடு, அதே இழுப்போடு. அன்றைக்கே அந்தக் கீறல் எனக்குப் பழகிவிட்டது.

இதனால் துடைப்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஓட்டத்தான் வண்டி என்று சொல்லி, செயினில் சகதி காயக் காய ஓட்டுபவர்களையும் என்னால் ஏற்க முடியாது. கடற்கரை ஊரில் உப்பைக் கழுவாமல் விட்டால் மாமாவின் பயம் உண்மையாகவே பலித்துவிடும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் இன்றும் மணைக்கட்டையில் உட்காருகிறேன். ஆனால் துடைப்பதன் பொருள் மாறிவிட்டது. பிரஷர் தண்ணீரை சக்கர பேரிங்கிலும் ஹேண்டில் கோன்செட்டிலும் பீய்ச்ச விடுவதில்லை. சீலைத் தாண்டிப் போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். துணியோடு கை போகும்போது, கண்ணுக்குத் தப்பியதைக் கை கண்டுபிடிக்கும். ராக்கர் கவர் ஓரத்தில் புதிதாக ஆயில் கசிவு. மட்கார்டு கம்பியில் தளர்ந்த நட்டு. கிளச் கேபிளின் நுனியில் இரண்டு இழை அறுந்து நிற்பது. ஸ்பேனரால் ஸ்போக்கைத் தட்டினால் மற்றவை எல்லாம் கிண் என்று சொல்ல, ஒன்று மட்டும் மொத்தென்று சொல்வது. போன வாரம் இல்லாத ஒன்று இந்த வாரம் இருக்கிறது என்று சொல்ல, நடுவில் வண்டி ஓடியிருக்க வேண்டும். ஓடாத வண்டியைத் துடைப்பவருக்குத் துணி ஒரு சேதியும் சொல்லாது.

2020 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்கு அந்த வண்டியில் போனேன். சகதி படிந்த வண்டி, டேங்கில் கீறல். திட்டுவார் என்று தயங்கியே நிறுத்தினேன். அத்தை வாசலுக்கு வந்து கீறலை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏய்யா, என்னய ஒருக்கா திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறியா?”

“இப்பமேவா அத்தை?”

“இப்பமே. அவுக இருந்தப்போ நாலஞ்சு வாட்டிதான் ஏறியிருப்பேன். சேல ஒரசி பாலிஷ் போயிருமுன்னு அவுக சொல்லுவாக. நானும் கேக்க மாட்டேன்.”

நாற்பது கிலோமீட்டர். முள்ளக்காடு தாண்டி இருபுறமும் உப்பளம், கூம்பு கூம்பாக வெள்ளை. முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி. ஆத்தூரில் நிறுத்தி வெற்றிலை வாங்கினார். காயல்பட்டினம் வருவதற்குள் என் தோளைப் பிடித்திருந்த கை இளகிவிட்டது. திருச்செந்தூரில் கோயிலுக்கு வெளியே இறங்கி நின்று, கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, “எம்மாடி, எம்புட்டுக் காத்து!” என்றார். அறுபத்தெட்டு வயது அத்தையை அத்தனை சின்னப் பெண்ணாக நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வெள்ளி எங்கள் கணக்கு. ஊரடங்கில் நின்றுபோனது, மறுபடி தொடர்ந்தது. அத்தைக்கு மூட்டு வலி கூடினால் அந்த மாதம் இல்லை.

சென்ற வாரம் பூஜைக்காக வண்டியைத் துடைக்கும்போது துணி இடப்பக்கம் போனது. சேலை கார்டின் நடுவில் பெயின்ட் மங்கி, இரும்பின் வெள்ளை தெரிகிறது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் குதிகால் படும் இடத்தில் மூன்று வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. அந்த இடத்தை மெதுவாகத் துடைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குத்தான் முதல் சந்தனப் பொட்டு வைத்தேன்.