சோம்பேறிகள் என்று யாரைச் சொல்கிறோம்?

கோயில் நிர்வாகக் கூட்டம், கல்யாண மண்டபம், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று மலேசியாவில் நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரு தீர்ப்பு கேட்கிறது: "இந்த நாட்டுல உழைச்சா முன்னுக்கு வரலாம். நம்ம ஆளுங்க குடிச்சும் கூத்தடிச்சும் கெட்டுப்போறாங்க." சொல்பவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதால்தான் கூடுதலாக வலிக்கிறது. அந்தத் தீர்ப்பு தவறு. தவறு என்று காட்டக் கணக்கு இருக்கிறது.

2016-இல் நம் நாட்டின் வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்). நான்கு பேர் குடும்பமென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. காலையில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரேக்கும், மதியம் ஒரு தட்டுச் சோறும் வாங்கினால் அது தீர்ந்துபோகும். வாடகை, மின்சாரம், பள்ளி பஸ், மருந்துக்கெல்லாம் கையில் எதுவும் மிஞ்சாது. இந்தக் கோட்டை வைத்துத்தான் நாட்டில் ஏழைகள் 0.4 விழுக்காடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2019 ஆகஸ்ட்டில் ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் கோலாலம்பூருக்கு வந்து இந்தக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல என்றார். அரசாங்கம் மறுத்தது. ஆனால் உள்நாட்டுப் பொருளாதார ஆய்வாளர்களும் பல காலமாக அதையே சொல்லிவந்தார்கள். 2020 ஜூலையில் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. அதில் சத்தான சாப்பாட்டுக்கு மட்டும் 1,169 வெள்ளி. பழைய கோடு மொத்தத்தையும்விட அதிகம். 2019-ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று ஆனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவர்கள் முன்பும் இங்கேதான் இருந்தார்கள், ஏட்டில்தான் இல்லை. சில அரசாங்க உதவிகள் யாருக்குப் போகும் என்பதற்கும் இந்தக் கோடு ஓர் அடிப்படை.

அதற்கு முன்பே, யூனிசெப்பின் 2018 அறிக்கைக்காக ஆய்வாளர்கள் தலைநகரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடும்பங்களை நேரில் கண்டு விசாரித்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தைகள் எப்போது குடித்தார்கள், எப்போது கூத்தடித்தார்கள்?

அப்பன் குடிக்கிறானே என்பார்கள். குடி இருக்கிறது, குடும்பங்களைச் சீரழிக்கிறது, நான் மறுக்கவில்லை. வசதியானவர்கள் வாழும் பங்சாரிலும்தான் குடி இருக்கிறது. அங்கே குடிப்பவரின் பிள்ளை காலையில் பசியாறாமல் பள்ளிக்குப் போவதில்லை. ஏழைக்குப் பணம் கொடுத்தால் குடித்தே தீர்ப்பான் என்ற பேச்சை உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிச் சோதித்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

ஏழைக்குப் புத்தி போதாது என்பது அடுத்த பழி. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். கையில் காசில்லாத மாதங்களில் சிந்தனைத் திறன் சோதனையில் அவர்கள் தடுமாறினார்கள். கரும்புப் பணம் வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். மாசக் கடைசியில் ஆலோங் எனும் வட்டிக்காரரிடம் போய் நிற்கும் கிள்ளான்காரரை அறிவில்லாதவர் என்று திட்டுவதற்குமுன் இதைப் படிக்க வேண்டும்.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டுக்குப் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே பதில் சொல்லியிருக்கிறது. 1,000 டாலர் பெறுமானத்துக்கு உற்பத்தி செய்தால் மலேசியத் தொழிலாளிக்குக் கிடைப்பது 340 டாலர். ஒப்பிட்டுப் பார்த்த வளர்ந்த நாடுகளில் 510 டாலர். உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கூலி குறைவு என்பதுதான் இதன் பொருள். அதே வங்கியின் இன்னொரு கணக்குப்படி, 2016-இல் கோலாலம்பூரில் இரண்டு பிள்ளைகளுள்ள தம்பதி கௌரவமாக வாழ மாதம் 6,500 வெள்ளி தேவை. இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700. கணவன் ஜாகா (காவல்) வேலைக்கும் மனைவி துப்புரவு வேலைக்கும் ஒரு நாள் விடாமல் போனாலும் அடிப்படைச் சம்பளம் 3,400. சேமநிதிக்குப் பிடித்தது போகக் கையில் வருவது, அந்தப் பழைய விலைவாசிக் கணக்கில் பாதிகூட இல்லை.

குணம்தான் கோளாறு என்று நம்பும் தலைவர்கள் தன்முனைப்பு முகாம் நடத்துகிறார்கள். பேச்சாளர் வருகிறார், பிள்ளைகள் அழுகிறார்கள், படம் நாளிதழில் வருகிறது. அவர்களின் பெற்றோர் வாங்கும் சம்பளம் அப்படியே இருக்கிறது. குறைந்தபட்ச சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் முதலாளிகள் தரப்பு தன் கணக்கோடு அரசாங்கத்திடம் போய் நிற்கிறது. நம் சங்கங்களும் அடுத்த முறை அங்கே போக வேண்டும், அடுக்குமாடிக் குடும்பங்களின் வாடகை ரசீதையும் மளிகைக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு.