வலைத்தளமும் வாடகை மனையும்

ஒருவர் தம் கருத்தையும் தொழிலையும் உலகறியச் செய்தற்குப் பண்டு மேடையும் ஏடும் வேண்டியிருந்தன. இன்று ஒரு வலைத்தளமே அமையும். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கழகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞர் 1991ஆம் ஆண்டில் முதல் வலைத்தளத்தை உலகோர் காண வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அக்கழகம், அம்முறையை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று உலகிற்கே வழங்கிவிட்டது. முறை இலவசமாயிற்று, தளம் தங்கும் இடமோ இலவசமாகவில்லை. இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணிப்பொறி ஒன்றில் நம் பக்கங்களை வைத்துக் கேட்போர்க்கெல்லாம் எடுத்துக்காட்டும் பணியை ஒரு நிறுவனம் நமக்காகச் செய்தல் வேண்டும். அப்பணியையே ஹோஸ்டிங் என வழங்குகின்றனர். அவ்விடத்தைச் சிறு செலவிற் பெறுவது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சி நமக்கு எற்றுக்கு என வினவுவார், சேலத்தை அடுத்த இளம்பிள்ளையை ஒருமுறை நோக்குவாராக. கஞ்சமலைக்கு அணித்தாயுள்ள அப்பேரூர் தறிக்கும் சேலை வணிகத்திற்கும் பெயர் பெற்றது. ஆங்குள்ள வணிகர் சேலைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் வாயிலாக வெளியூரார்க்கு விற்றுவருதலைப் பலரும் அறிவர். அவ்வழி நன்றே, எனினும் அது பிறர் திண்ணையில் விரித்த கடை. கணக்கை அந்நிறுவனம் ஒருநாள் முடக்கிவிடின், பல்லாண்டு சேர்த்த படமும் வாடிக்கையும் ஒருங்கே மறையும். சேலை விற்கும் இல்லத்து இளைஞர்க்கு மட்டுமன்று, கட்டுரை எழுதும் மாணாக்கர்க்கும், பாடக்குறிப்பு வெளியிடும் ஆசிரியர்க்கும், வேலை தேடும் பட்டதாரிக்கும் தமக்கென ஒரு தளம் இருத்தல் நலம் பயக்கும்.

எம் கருத்தை முதற்கண் சுருங்கக் கூறுகின்றோம். மலிவான இடம் என்பது குறைந்த விலையிற் புகத்தக்க இடமன்று. இழப்பின்றி விட்டு நீங்கத்தக்க இடமே மலிவான இடம். தறியும் ஜக்கார்டு அட்டையும் தமக்கு உரியனவாகப் பெற்ற நெசவாளர், கொட்டகையை வாடகைக்குக் கொள்வதில் குற்றமில்லை. வாடகை ஏறினால் தறியைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த தெருவிற்குச் செல்வர். தறி, அட்டை, கொட்டகை ஆகிய எல்லாம் பிறருடையனவாயின், வெளியேறும் அன்று அவர் கையில் எஞ்சுவது யாது? வலைத்தளத்திற்கும் இஃதொக்கும். பெயரும் உள்ளடக்கமும் நம்முடையனவாதல் வேண்டும். இடம் மட்டும் வாடகையாகலாம்.

இதற்கு வரலாறு சான்று பகரும். 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம் எவர்க்கும் இலவசமாக இடம் வழங்கிற்று. தமிழர் பலரும் தம் முதல் வலைப்பக்கங்களை ஆங்கே அமைத்தனர். 1999இல் யாகூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று; 2009 அக்டோபரில் மூடிற்று. தன்னார்வலர் சிலர் இயன்றவற்றைப் படியெடுத்துக் காத்தனர். ஆயினும் முகவரிகள் யாவும் அந்நிறுவனத்தின் பெயரில் இருந்தமையால், தம் பக்கங்களின் படியைக் கையில் வைத்திருந்தவரும் பழைய வாசகர் அறிந்த முகவரியை இழந்தனர்.

இதற்கு மறுதலையாக மதுரைத் திட்டத்தைக் காண்க. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் முயற்சியால் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்கி, எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்னும் இசைவோடு வெளியிட்டது. டிஸ்கி எழுத்துமுறை போய் யூனிகோடு வந்தது, நூல்கள் அழியவில்லை. தன் பெயரில் ஒரு முகவரியும், பலர் கையில் படியும் இருந்தமையே அதன் காவலாயிற்று.

ஆகவே இடம் தேடுவார் முதலில் ஆராய வேண்டுவது பெயர். டொமைன் எனப்படும் முகவரிப் பெயரை ஆண்டுதோறும் சில நூறு ரூபாய் செலவிற் பெறலாம். நம் நாட்டிற்குரிய ‘இன்’ என்னும் ஈற்றுப்பெயர் 2005 பிப்ரவரி முதல் பொதுமக்கள் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டுள்ளது. தளம் அமைத்துத் தருவார் அப்பெயரைத் தம் கணக்கிலேயே பதிவு செய்துகொள்ளுதல் உண்டு. அதற்கு இசைதல் கூடாது. பதிவு நம் பெயரிலும் நம் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்தபின் நின்றுவிடக் கூடுமாதலின், மாணாக்கர் அதனை இதற்குப் பயன்படுத்தாதிருத்தல் நன்று. இலவசப் பெயரும் நம்பத்தக்கதன்று. டோக்கலாவ் தீவிற்குரிய ‘டி.கே.’ முதலிய ஈற்றுப்பெயர்களை இலவசமாக வழங்கிவந்த ஃப்ரீனோம் என்னும் நிறுவனம் 2023இல் புதுப்பதிவை நிறுத்தி, 2024இல் அத்தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. பெயரை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறோரிடத்திலும் பெறுதல் இன்னும் பாதுகாப்பு. ஒன்றை விடுங்கால் மற்றொன்று சிக்குவதில்லை.

இரண்டாவது, விலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பது முதல் தவணையின் விலையே. புதுப்பிக்கும் விலை சிற்றெழுத்தில் ஒதுங்கி நிற்கும். கணக்கின்பொருட்டு யாம் இடும் எண்களைக் காண்க. ஒரு நிறுவனம் மாதம் 80 ரூபாய் என்று 48 மாதத் தொகையை முன்னரே பெற்றுப் பின்னர் மாதம் 300 ரூபாய் கேட்கின்றது. மற்றொன்று என்றும் மாதம் 160 ரூபாயே கேட்கின்றது. எட்டாண்டில் முன்னதற்கு 3,840 ரூபாயும் 14,400 ரூபாயுமாக 18,240 ரூபாய் ஆகும். பின்னதற்கு 15,360 ரூபாயே. பாதி விலை என்று தோன்றியதே மிகுவிலை ஆயிற்று. இரண்டன்மேலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். முதல் தவணை முடிந்தவுடன் இடம் மாறிவிடுவேன் என்பார் ஊதியம் பெறலாம். அங்ஙனம் மாற வல்லவர் யாரெனின், பெயரும் படியும் கையிலுடையவரே. ஓராண்டிற்கு மட்டும் பணம் செலுத்திப் பார்த்தல் புதியவர்க்குத் தகும்.

மூன்றாவது, தேவைக்கு மிஞ்சிய இடத்தை விலை கொடுத்து வாங்காமை. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஆயிரத்திருநூறு சொற் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட் அளவிற்று. ஒரு ஜிகாபைட் இடத்தில் இத்தகைய கட்டுரைகள் முப்பதாயிரத்துக்கு மேல் அடங்கும்! ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுதினும் அவ்விடம் நிரம்புமோ? எல்லையற்ற இடம் தருகின்றோம் என்னும் விளம்பரத்திற்கு மயங்குவார், அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்னும் பழமொழியை நினைவு கூர்வாராக. இடம் கொள்வன படங்களே. சேலைப் படங்களை அளவு சுருக்கி இடின், சிறு தொகுதியே போதும். தளத்தின் பூட்டுக் குறிக்குரிய பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தனிப்பணம் வேண்டா. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு 2015 இறுதி முதல் அதனை இலவசமாக வழங்கி வருகின்றது.

நான்காவது, பணியின் தரம். நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் தளம் திறந்திருக்கும் என்று உறுதி கூறுவார்க்கு ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் மூடியிருக்க இடமுண்டு. 99 பங்கு என்பார்க்கோ மூன்றரை நாளுக்கு மேல் இடமுண்டு. பணம் கட்டுமுன் இவ்வெண்ணைக் கேட்டறிக. கணிப்பொறி எந்நாட்டில் உள்ளது என்பதையும் கேட்டறிக. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு பக்கம் திறத்தற்குப் பன்முறை செய்தி சென்று மீள வேண்டியிருத்தலின், நம் வாசகர் சேலத்திலும் சென்னையிலும் இருக்க, தளம் அமெரிக்காவில் இருப்பின் தாமதம் மிகும். மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருத்தல் நன்று. தமிழுக்கென ஒரு வினாவும் உண்டு. மை-எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளம் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை மேலை ஐரோப்பிய எழுத்துமுறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. பழைய அமைப்பினை மாற்றாத இடங்களில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாய்ச் சிதையும். ஆதலின் ஒரு பக்கம் தமிழில் இட்டுப் பார்த்த பின்னரே முழுத்தளத்தையும் ஏற்றுக.

ஐந்தாவதும் தலையாயதும் படி. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணிப்பொறி மனையொன்று தீக்கிரையாயிற்று. இலட்சக்கணக்கான தளங்கள் ஒரே நாளில் மறைந்தன. வேறிடத்திற் படி வைத்திருந்தார் மீண்டனர், வையாதார் பலர் இழந்தனர். அது சிறு நிறுவனமன்று. ஐரோப்பாவிற் பெரியவற்றுள் ஒன்று. நிறுவனம் படி வைத்துள்ளது என்று இருந்துவிடாமல், திங்கள்தோறும் ஒரு படியை நம் கணிப்பொறியில் இறக்கி வைத்தல் வேண்டும். அதற்கு வசதி தாராத நிறுவனம் இலவசமாயினும் நமக்கு வேண்டா.

இலவசம் முற்றும் ஆகாதோ எனின், ஆகும், தக்கார்க்கு ஆகும். 2008 முதல் நடைபெறும் கிட்ஹப் பேஜஸ் என்னும் பணி, தரவுத்தளம் வேண்டாத எளிய தளங்களை ஒரு ஜிகாபைட் அளவு வரை இலவசமாகத் தாங்குகின்றது. நம் சொந்தப் பெயரையும் அதனோடு இணைக்கலாம். படி இயல்பாகவே நம்மிடம் இருக்கும். கையிற் பணமில்லாத மாணாக்கர்க்கு இதனினும் சிறந்த தொடக்கம் யாம் அறியோம். ஆயின் இணையக்கடை நடத்துதற்கு அதன் விதி இடந்தராது. இளம்பிள்ளைச் சேலை வணிகர் கட்டணம் கொடுத்தே இடம் பெறுதல் வேண்டும். இலவசம் என்பதொன்றையே நோக்கிக் கண்ட இடத்திற் கடவுச்சொல்லை ஒப்படைத்தலும் தீது. 000வெப்ஹோஸ்ட் என்னும் இலவச நிறுவனத்திலிருந்து ஒரு கோடியே முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோரின் கடவுச்சொற்கள் மறைப்பின்றி வெளிப்பட்ட செய்தியை 2015இல் உலகம் அறிந்தது.

சமூக ஊடகத்தில் மக்கள் திரள்கின்றனர். தனித்தளத்தை நாடுவார் யார் என்று ஒரு சாரார் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. சந்தைக்குச் செல்ல வேண்டா என்று யாம் கூறவில்லை; சந்தை கலைந்தபின் திரும்புதற்கு வீடு வேண்டும் என்றே கூறுகின்றோம். சந்தையிற் கண்டாரை வீட்டிற்கு அழைத்து வருதல் அறிவுடைமை.

நம் கல்லூரி இதன்கண் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இறுதியாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு முகவரி பதிந்து, தம் கட்டுரையையோ இல்லத் தொழிலையோ அதில் ஏற்றி, பின்னர் அதனை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாமே பெயர்த்துக் காட்டுமாறு ஒரு சில மாலை வகுப்புகள் நடத்தலாம். அமைத்தலைக் கற்பிப்பார் பலர். பெயர்த்தலைக் கற்பிப்பார் அரியர். இத்தொழிலில் உள்ள பழைய மாணவர்கள் இதற்கு உதவ முன்வருவார்கள் என நம்புகின்றோம். பட்டத்தோடு தம் பெயர் தாங்கிய தளம் ஒன்றும், அதனை எங்கும் எடுத்துச் செல்லும் திறமும் உடையராய் நம் இளைஞர் வெளியேறுவாராயின், எந்நிறுவனம் தோன்றினும் மறையினும் அவர்தம் உழைப்பு அழியாது நிற்கும்.