அப்பாவுக்கு வந்த போன்... பையனுக்கு வந்த பரிசு!

அப்பாவும் பையனும் ஒரே யுனிவர்சிட்டியில, ஒரே சப்ஜெக்ட்ல புரொபசர்ஸ். வீட்ல எந்நேரமும் செமினார்தான்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை... ரெண்டு பேருக்கும் பேச்சே அவ்வளவா கிடையாது! இந்தக் கதைதான் 2011-ல் வந்த இஸ்ரேல் படம் 'ஃபுட்நோட்'. இயக்கம், ஜோசஃப் சீடர். கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருதைத் தட்டிட்டு, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போன படம்.

அப்பா எலியேசர். யூதர்களோட பழம்பெரும் சட்ட நூலான தால்முத்தின் பிரதிகளை எழுத்து எழுத்தா ஒப்பிடறதுலயே வருஷக்கணக்கா மூழ்கிக் கிடந்தவர். முடிக்கிற நேரத்துல க்ராஸ்மன்னு ஒருத்தர் ஒரு பழைய பிரதியைக் கண்டுபிடிச்சு முந்திக்கிறார். மொத்த உழைப்பும் அவுட்! குருவோட புத்தகத்துல, ஒரே ஒரு அடிக்குறிப்புல இவர் பேர் வந்திருக்கு. மனுஷனுக்கு மிச்சம் அந்தப் பெருமைதான். பையன் யூரியல் அப்படியே ஆப்போசிட். புத்தகம், மேடை, கைத்தட்டல்னு ஸ்டார் புரொபசர்!

ஒருநாள் அப்பாவுக்கு போன். 'உங்களுக்கு இஸ்ரேல் பரிசு!' நாட்டோட பெரிய கௌரவம். ஆனா, பரிசு உண்மையில பையனுக்கு. ஆள் மாறிப் போன கால்!

கதவைத் திறக்கணும்னாலே நாற்காலியை நகர்த்தணும்... அப்படி ஒரு குட்டி ரூம்ல யூரியல்கிட்ட விஷயத்தைச் சொல்றாங்க. அப்பா தாங்கமாட்டார்னு பரிசையே விட்டுக்கொடுக்கிறார் யூரியல். கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? அதே க்ராஸ்மன்! ரெண்டு கண்டிஷன் போடறார். பாராட்டுரையை யூரியலே எழுதணும். இனி அந்தப் பரிசு அவருக்கு எப்பவுமே கிடையாது.

இது தெரியாத அப்பா, பத்திரிகைப் பேட்டியில பையனோட ஆராய்ச்சியை மட்டம் தட்டறார்! அப்பவும் அப்பாகிட்ட யூரியல் மூச்சு விடல.

ஆனா, பாராட்டுரையில ஒரு வார்த்தை அப்பாவை உறுத்துது. வார்த்தையை வெச்சே எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதானே அவர் தொழில்! அப்புறம்..? பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க பாஸ்!

மன்னிப்புன்னா க்ளைமாக்ஸ்ல கட்டிப்பிடிச்சு அழறதுன்னு நமக்குப் பழகிடுச்சு. இங்கே அழுகையும் இல்லை, 'ஸாரி'யும் இல்லை. வாழ்க்கை முழுக்கத் தப்பில்லாத வரியைத் தேடின மனுஷனுக்குத் தப்பா வந்த பரிசைக் கொடுக்கிறது அன்பா, ஏமாத்தா? கேன்டீன்ல உட்கார்ந்து சண்டை போடுங்க. என் ஓட்டு யூரியலுக்குத்தான். ஆனா ஒண்ணு... பையன் பரிசையே கொடுக்கிறார், அப்பா ஒரு வார்த்தையை வெச்சே பையனைக் கண்டுபிடிக்கிறார். இவ்வளவு தெரிஞ்ச ரெண்டு பேருக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேச மட்டும் தெரியல!