கார்டைக் கழற்றுமுன் கரண்டைப் பாருங்கள்

புதிதாகக் கூட்டிய கம்பியூட்டர் கேமின் நடுவிலோ கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் பண்ணும்போதோ பட்டென்று நின்றுபோனால், எங்கள் பக்கத்தில் தீர்ப்பு உடனே வந்துவிடும். "அக்கா, கார்ட் போயிருச்சு." பெட்டிக்குள் விலை கூடிய சாமான் கிராபிக்ஸ் கார்ட்தான், பயமும் அங்கேயே போய் நிற்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஒரு லட்சத்து 35 ஆயிரம் ரூபாய்க் கார்ட் என்பது நூறு நாள் கொழுந்து. அம்மா சேர்த்த காசிலோ, குவைத்தில் வேலை செய்யும் அக்கா அனுப்பிய காசிலோ வாங்கிய பொருள். பயப்படாமல் என்ன செய்வார்கள்?

பெரகல சந்தியில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை என்று ஏறிவரும் ஏ4 வீதி எங்கள் சந்தியைத் தாண்டி கொஸ்லந்தை, வெல்லவாய பக்கம் இறங்குகிறது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்குப் போகிறவர்கள் இங்கே திரும்புவார்கள். இரண்டு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெட்டிகள் வரும். அவற்றில் கார்ட் உண்மையிலேயே செத்தது குறைவு. சக்தி காணாத பவர் சப்ளை, சுமை தாங்காத யுபிஎஸ், எர்த் இல்லாத பிளக், இவற்றைத்தான் நான் அதிகம் காண்கிறேன். மலையகத்துக்கு ஒரு கம்பியூட்டரை விற்கிறவர், அது எந்த வீட்டில், எந்தக் கம்பியின் நுனியில் ஓடப்போகிறது என்று கேட்டுத்தான் கூட்ட வேண்டும். கேட்காமல் கூட்டிக் கொடுத்துவிட்டு, நின்றுபோனதும் "ஒங்க தோட்டத்துக் கரண்ட் சரியில்ல" என்று கைகழுவுவது நியாயமே இல்லை.

ஒரு தம்பியின் பெட்டியைச் சொல்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா வீடியோக்களை எடிட் பண்ணுகிறவர். பகலில் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. மாலை ஆறு மணிக்கு மேல் ரெண்டரைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும். விற்ற கடைக்குக் கொண்டு போனார். அங்கே நன்றாக ஓடியது. கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, பிழை ஒன்றும் இல்லை என்ற துண்டோடு அது திரும்பி வந்தது. அதற்குள் தை மாதத்து முகூர்த்தம் எல்லாம் முடிந்திருந்தது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கொழுந்து அரைக்கிற ரோலர் நின்றால் மோட்டரைத் தொடமாட்டார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு முதலில் பேனலுக்குத்தான் போவார். எனக்குத் தெரிந்த பாதித் தொழில் அவர் பின்னால் நின்று பார்த்தது. அதனால் அந்தத் தம்பியின் பெட்டியைக் கடைக்கு வரவழைக்காமல், மல்டிமீட்டரோடு அவர் லயத்துக்கே போனேன்.

பகலில் 220 வோல்ட்டை ஒட்டி நின்ற முள், எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போட்ட நேரத்தில் 190க்குக் கீழே வந்தது. இந்த நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஆறு வீதம் கூடலாம், குறையலாம்; அதாவது 216க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் டிரான்ஸ்போமரிலிருந்து கம்பி நீள நீள, அதில் பல வீடுகள் சேர்ந்து இழுக்க இழுக்க வோல்டேஜ் சரியும். லயத்தின் கடைசிக் காம்பிரா என்றால் பழைய உள்வயரிங்கும் தன் பங்குக்குத் தின்னும். பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் விறுவிறுத்தது. எர்த் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கம்பியூட்டரோடு வந்தது 13 அம்பியர் சதுரப் பின். சுவரில் இருந்தது பழைய 5 அம்பியர் உருண்டைத் துளை. நடுவில் ஒரு மலிவு அடப்டர், அதோடு எர்த் கம்பியின் கதை முடிந்தது.

அடுத்து பவர் சப்ளை. மேலே பெரிய எழுத்தில் 700 வோட்ஸ். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை விற்றவரும் வாசிக்கவில்லை, வாங்கியவரும் வாசிக்கவில்லை. 12 வோல்ட் வரிக்கு நேரே 22 அம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 264 வோட்ஸ். கார்டும் புரொசஸரும் ஏறக்குறைய முழுவதையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. மிச்ச வோட்ஸ் அனேகமாக ஸ்டிக்கரில் மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் ஏமாற்று இந்த இடத்தில்தான் நடக்கிறது. மதர்போர்ட்டின் துளை வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது கூடிப்போனால் 75 வோட்ஸ். ஆறு பின் கேபிள் ஒன்று இன்னொரு 75 கொடுக்கும், எட்டுப் பின் கேபிள் 150 கொடுக்கும். கார்டின் பெட்டியில் எழுதியிருக்கும் வோட்ஸ் சராசரிக் கணக்கு. சுமை திடீரென்று ஏறும்போது, கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு, கார்ட் அதைவிட எவ்வளவோ அதிகம் இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதற்காகவே எழுதப்பட்டது: பவர் சப்ளை தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செக்கன்களுக்குத் தாங்க வேண்டும் என்கிறது. மலிவுச் சப்ளைகள் இந்தக் குதிப்பில்தான் விழும். நல்ல சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும்; சுவரில் 185 வந்தாலும் கொஞ்சம் கூடுதல் அம்பியர் இழுத்துச் சமாளித்துவிடும். பின்பக்கம் 115, 230 என்று குட்டி சுவிட்ச் வைத்த பழைய வகைக்கு அந்த நெகிழ்வு கிடையாது. கரண்ட் குறைவு என்று நினைத்து அந்த சுவிட்சை 115க்குத் தள்ளிவிடாதீர்கள், வெடிக்கும்.

மூன்றாவது யுபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலம் யாருக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகு வசதி இருந்தவர்கள் எல்லாரும் யுபிஎஸ் வாங்கினார்கள். 650 விஏ என்று போட்டிருப்பதை 650 வோட்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது 350 வோட்ஸ் அளவுக்குத்தான் தாங்கும். கம்பியூட்டர் சும்மா இருக்கும்போது யுபிஎஸ்ஸும் சும்மா இருக்கும். கேம் தொடங்கிக் கார்ட் முழு வேகத்துக்குப் போனதும் ஒரு கத்தல் கத்திவிட்டு வெட்டிவிடும். பழி கார்டுக்கு. மாலையில் சுவர் வோல்டேஜ் இறங்கும்போது அது பற்றரிக்குத் தாவும். தாவுகிற அந்த நொடியில் மலிவுச் சப்ளை மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும்.

கடைசியில் அந்தத் தம்பிக்கு உண்மையான 650 வோட்ஸ் சப்ளை ஒன்று, சுவரில் ஒரு 13 அம்பியர் பிளக், புதிதாக அடித்த எர்த் கம்பி. யுபிஎஸ் மொனிட்டருக்கும் ரவுட்டருக்கும் மட்டும். கார்ட் அதே கார்ட்.

கார்ட் மீது பழி விழுவதற்குத் திரையில் வரும் வாசகமும் ஒரு காரணம். விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டு செக்கன் காத்திருக்கும். பதில் வராவிட்டால் டிரைவரை மீண்டும் தொடக்கிவிட்டு, டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை என்று எழுதி வைக்கும். இவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அதைக் காணலாம். பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. அதே இடத்தில் 41 என்ற எண்ணில் கெர்னல் பவர் என்று இருந்தால், ஒழுங்காக மூடப்படாமல் கம்பியூட்டர் நின்றது என்று அர்த்தம். யார் நிறுத்தியது என்று அதுவும் சொல்லாது. கேம் மட்டும் மூடி விண்டோஸ் உயிரோடு இருந்தால் நான் டிரைவரையும் ராமையும் பார்ப்பேன். மொத்தப் பெட்டியும் சுவிட்சை அணைத்த மாதிரி நின்று தானே மறுபடி எழுந்தால், கார்டைத் தொடாமல் நேரே பவர் சப்ளைக்குப் போவேன்.

வாசகத்தை நம்பி ஏமாந்தது நாங்கள் மட்டுமல்ல. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேல்மட்ட புரொசஸர்கள் வைத்திருந்தவர்களுக்கு, கேமைத் திறந்ததும் வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் வந்தது. கார்டில் 24 ஜிபி மெமரி வைத்திருந்தவர்களுக்கும் அதே வாசகம்! உலகம் முழுக்கக் கார்டை மாற்றிப் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் கார்ட் பக்கத்து நிறுவனமான என்விடியா, இதற்கு இன்டெல்லிடம் போங்கள் என்று தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. ஓகஸ்டில் இன்டெல் புரொசஸருக்குப் போகும் மிகை வோல்டேஜை அடக்கும் மைக்ரோகோடை வெளியிட்டது. வொரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. கார்ட் அங்கே சாட்சி சொல்ல வந்து கூண்டில் ஏற்றப்பட்ட அப்பாவி. 2020 செப்டெம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 கார்ட் வந்த புதிதில் கேம்கள் அறுந்தபோது, பின்பக்கத்துக் கபாசிட்டர்கள்தான் காரணம் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். மாதம் முடியுமுன் வந்த ஒரு டிரைவர் பெரும்பாலானோரின் தொல்லையை நிறுத்தியது.

கார்டே குற்றவாளியான வழக்கும் உண்டு, மறைக்கவில்லை. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற கேமின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது ஈவிஜிஏ நிறுவனத்தின் சில 3090 கார்டுகள் செத்தன. சோல்டர் பிழை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் வேலை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. 'பாவித்தது, ஆனால் புதுசு மாதிரி' என்று விற்பதை வாங்குகிறவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

எங்கள் மலைக்கென்று இன்னொரு வியாதி இருக்கிறது. கொழும்பில் கூட்டி, கார்டும் உள்ளே இருக்க, பெட்டியை 99ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். பெரிய கார்ட் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தாங்குவது ஒரு துளையும் இரண்டு ஸ்குருவும். பலாங்கொடை தாண்டி ஹல்துமுல்லை வளைவுகளில் ஏறி முடிப்பதற்குள் அது மயிரிழை விலகிவிடும். வீட்டில் போட்டால் படம் வரும், சூடேறியதும் அறுந்துவிடும். கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தியதோடு தீர்ந்த வேலைகள் என் கடையில் நிறைய. கார்டைத் தனியே அதன் சொந்தப் பெட்டியில் அனுப்ப ஒரு கடைக்காரருக்கு என்ன செலவு?

காசு செலவழிக்குமுன் வீட்டிலேயே பார்க்கக் கூடியவை இருக்கின்றன. யுபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவரில் போட்டு ஓட்டுங்கள். பயோஸில் ராமின் எக்ஸ்எம்பி வேகத்தை அணைத்துப் பாருங்கள், புதுப் பெட்டிகளில் இது அடிக்கடி கைகொடுக்கும். டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டுக்கு இரண்டு எட்டுப் பின் வேண்டுமென்றால் ஒரே கேபிளின் இரண்டு தலையையும் சொருகாமல் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு அறுந்தால் நல்ல பவர் சப்ளை ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இடி மின்னல் மாதங்களில் பிளக்கைக் கழற்றி வைப்பது பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். "அக்கா, எல்லாரும் லைட்டு எரியிற ஃபேனுக்குக் காசு தருவாங்க, பவர் சப்ளைக்குன்னா கொறைக்கச் சொல்லுவாங்க." பொய்யில்லை. என்னிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவருக்குத் தெரியும். தெரிந்தவர் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் குறைந்த விலை மருந்து கேட்டாலும், தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதில்லையே.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒப்படைக்குமுன் பெட்டியை ஒரு மணிநேரமாவது முழுச் சுமையில், வாங்குகிறவரின் கண் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். வொரண்டிக்கு வந்ததைக் கார்டோடு நிறுத்தாமல் பவர் சப்ளையோடு சேர்த்துச் சோதியுங்கள். ஊவாவில் விற்கிறவர்கள் பதுளையிலோ பண்டாரவளையிலோ பழுதை வாங்கி வைக்க ஓர் ஆளை நியமிக்கட்டும். ஒரு கார்டுக்காகக் கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது. பில்லைக் கேட்டு வாங்குவது நமது உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது, முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அந்தப் பில்லில் பவர் சப்ளையின் மொடலும், 12 வோல்ட்டில் எத்தனை அம்பியர் என்பதும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். எழுத மறுக்கும் கடையில் நின்று வாதாட வேண்டாம். பக்கத்துக் கடையிலும் அதே கார்ட் இருக்கிறது.