நியூயார்க்கில் கொலைகளைக் குறைத்தது யார்?

'காவல்துறை கடுமை காட்டியதால்தான் நியூயார்க் பிழைத்தது' என்பவர்கள் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் அங்கே 2,200க்கும் மேற்பட்ட கொலைகள். மறு ஆண்டே எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கடுமைக்குப் பெயர்பெற்ற ரூடி ஜூலியானி மேயரானதோ 1994 ஜனவரியில். அதே பத்தாண்டில் சான் டியேகோவிலும், எல்லை தாண்டி கனடாவிலும்கூடக் கொலைகள் குறைந்தன.

காவலர் எண்ணிக்கை கூடியது உதவியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் காவலர்களைக் கூட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜூலியானிக்கு முந்தைய மேயர் டேவிட் டிங்கின்ஸ்.

வலுவான சான்று பின்னால் வந்தது. தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனையிடுவது 2011இல் சுமார் 6,85,000 தடவை நடந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முகாந்திரமே இல்லை. இந்தச் சோதனை நடத்தப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு விரோதம் என 2013இல் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் தீர்ப்பளித்தார். சோதனைகள் அடியோடு சரிந்தன. குற்றம் பெருகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். 2017இல் கொலைகள் 300க்கும் கீழே இறங்கின. அத்தனை இளைஞர்களை நடுத்தெருவில் அவமானப்படுத்தியதற்கு இந்தக் கணக்கில் நியாயம் கிடையாது.